எரியோ ஆற்றை எதிர்த்து: கார்கள் இல்லாத பாதையில் அக்காவுடன் ஐந்து நாட்கள்

என் அக்கா பிரான்சுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இங்கே ஒரு நாள்கூடச் சைக்கிளில் ஏறியதில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் சைக்கிளில் போய் வந்தவர் அவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எரிபொருள் தடை இருந்த காலத்தில், காய்ச்சலில் கிடந்த அம்மாவைக் கரியரில் இருத்தி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். பாரிஸ் புறநகரில் குடியேறிய பிறகு ஏன் ஓடுவதில்லை என்று நான் கேட்கும்போதெல்லாம், “காரோட ஒரே ரோட்டில ஓட எனக்கு ஏலாது, தம்பி” என்பதே பதிலாக இருந்தது. அந்தப் பயம் நியாயமானது என்பதால், பயத்தைப் போக்க முயல்வதை விட்டுவிட்டுக் காரே வராத பாதையைத் தேடினேன்.

தேடத் தொடங்கியபோதுதான் ஒரு முக்கியமான வேறுபாடு தெரியவந்தது. பிரான்சில் சைக்கிள் பயணத்துக்கென்று அடையாளப்பலகை நட்ட நெடும்பாதைகள் பல இருக்கின்றன; ஆனால் ‘வேலோரூத்’ என்று அழைக்கப்படுபவற்றில் பெரும்பகுதி, வாகனப் போக்குவரத்து குறைந்த கிராமத்துச் சாலைகளே. லுவார் ஆற்றோரம் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளும் புகழ்பெற்ற பாதையிலும் சிறு சாலைகளில் கார்களோடு சேர்ந்து ஓடவேண்டிய பகுதிகள் நிறைய உண்டு. ‘வுவா வேர்த்’, அதாவது பச்சை வழி, என்பது வேறு. 2004இல் போக்குவரத்துச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட வரையறையின்படி, அது இயந்திர வாகனங்களுக்கு மூடப்பட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் ஒதுக்கப்பட்ட தனிப்பாதை. பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை கைவிடப்பட்ட ரயில் தடத்தின்மேல் 1997இல் திறக்கப்பட்டதுதான் நாட்டின் முதலாவது பச்சை வழி. எனவே வாகனங்களுக்கு அஞ்சும் ஒருவரை அழைத்துப் போவதானால், பாதையின் பெயரையும் நீளத்தையும் பார்த்து முடிவெடுக்காமல், வரைபடத்தில் எந்தப் பகுதி தனிப்பாதை, எந்தப் பகுதி பொதுச்சாலை என்று நிறம் பிரித்துக் காட்டியிருப்பதை ஒவ்வொரு கிலோமீட்டராகப் பார்ப்பது அவசியம். நான் இரண்டு மாலைகளை இதற்காகவே செலவிட்டேன்.

முடிவில் தேர்ந்தது, தென்கிழக்கு பிரான்சின் ஆர்தேஷ் மாவட்டத்தில் எரியோ என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் ஏறும் ‘டோல்ச்சே வியா’. ரோன் நதிக்கரையிலுள்ள லா வூல்த்திலிருந்து மேற்கே ல ஷேலார் வரை போய், அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மலைமேல் உள்ள சேன்த் அக்ரேவுக்கும் மற்றது லமாஸ்த்ருக்கும் செல்கிறது. கிளைகளையும் சேர்த்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இது முழுவதும் ஒரு காலத்தில் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடிய மலை ரயிலின் தடம். லா வூல்த்திலிருந்து ல ஷேலார் வரையிலான பகுதி 1891இல் திறக்கப்பட்டது. மற்றக் கிளைகள் 1903க்குள் முடிந்தன. 1968 அக்டோபர் கடைசியில் ரயில் நின்றுபோயிற்று.

ரயில் தடம் என்பதில்தான் முழங்கால் நோவுள்ள 58 வயதுப் பெண்ணொருவருக்குத் தேவையான எல்லாமே அடங்கியிருக்கிறது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறைவு என்பதால் ரயில் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் தடம் போட்டவர்கள் மலைச்சரிவை வெட்டியும் பாலம் கட்டியும் ஏற்றத்தைப் பல கிலோமீட்டருக்குப் பரப்பி வைத்தார்கள். லா வூல்த் கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்திலும் ல ஷேலார் சுமார் 430 மீட்டரிலும் இருக்கின்றன. இடையிலுள்ள 50 கிலோமீட்டர் அளவான தூரத்தில் ஏறவேண்டியது ஏறத்தாழ 330 மீட்டர்தான். அதற்கு மேலே சேன்த் அக்ரேவுக்குப் போகும் கிளை கடினமானது என்றாலும், அங்கும் நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் என்ற அளவைச் சாய்வு தாண்டுவதில்லை. அகலம் குறைந்த தண்டவாளத்தில் இறுக்கமான வளைவுகள் சாத்தியம் என்பதால், தடம் மலையைக் குடைந்து நேராகப் போகாமல் ஆற்றின் ஒவ்வொரு வளைவையும் கூடவே வளைந்து பின்தொடர்கிறது. செலவைக் குறைக்கச் செய்த அந்தத் தெரிவுதான் இன்று பாதையின் அழகாக இருக்கிறது.

இந்தப் பாதைக்கு வருகிற பலர், சைக்கிளையும் தம்மையும் வாகனத்தில் மேலே கொண்டுபோய் இறக்கச் செய்து, அங்கிருந்து கீழே உருண்டு வருகிறார்கள். சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். நானோ மேல்நோக்கிப் போகும்படியே சொல்வேன். ஏறும்போது மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆற்றின் ஓசையும் தோட்டத்தில் வேலை செய்பவரின் குரலும் தெளிவாகக் கேட்கும். இறங்கும்போது சரளைக்கல்லின் சத்தமும் காற்றும்தான் கேட்கும். அதைவிட முக்கியமாக, நீண்ட காலம் சைக்கிள் ஓடாதவர்களுக்கு இறக்கத்தில் பிரேக்கைக் கட்டுப்படுத்துவதைவிட, மெதுவான ஏற்றத்தில் சமநிலையைத் திரும்பப் பெறுவது எளிது.

பாரிசிலிருந்து அங்கே போய்ச் சேர்வது சற்றுச் சிக்கலானது. லா வூல்த்துக்குப் பயணிகள் ரயில் கிடையாது. அதிவேக ரயிலில் வலான்ஸ் வரை போய், பிராந்திய ரயிலுக்கு மாறி, ரோனின் கிழக்குக் கரையிலுள்ள லிவ்ரோனில் இறங்கி, ஆற்றைக் கடந்து சில கிலோமீட்டர் போகவேண்டும். அதிவேக ரயில்களில் சைக்கிளைக் கழற்றி 130க்கு 90 சென்டிமீட்டர் அளவுக்குள் அடங்கும் பையில் போட்டால் அது சாதாரணப் பயணப்பொதியாகவே கொள்ளப்படும். முழுச் சைக்கிளாக ஏற்றுவதற்கு இடமுள்ள வண்டிகளில் மட்டும் முன்பதிவு செய்து கட்டணம் செலுத்த வேண்டும். நான் என் சைக்கிளைப் பையில் கொண்டுபோனேன். அக்காவுக்குப் பள்ளத்தாக்கில் வாடகைக்கு எடுத்தோம். நேரம் இருப்பவர்கள் வலான்சிலேயே இறங்கி, ஜெனிவா ஏரியிலிருந்து மத்தியதரைக் கடல்வரை ரோனோடு வரும் ‘வியாரோனா’ பாதையில் சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே ஓடி வரலாம்.

ஜூன் மாதக் கடைசி வாரம், ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். முதல் அரை மணி நேரம் அக்கா ஒன்றும் பேசவில்லை. கைப்பிடியை இறுகப் பற்றி, முன்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு மீட்டர் தூரத்தைத் தவிர வேறெங்கும் பார்க்காமல் ஓட்டினார். சேன் லோரான் து பாப் என்ற ஊரை அண்டியபோதுதான் தலையை நிமிர்த்தினார். அங்கே பாதையின் இரு பக்கமும் பீச் தோட்டங்கள். திராட்சைக் கொடிகளை வேர்ப்பூச்சி அழித்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பள்ளத்தாக்கு விவசாயிகள் பீச் மரத்துக்கு மாறினார்கள். பழம் நசுங்கும் முன் சந்தைக்குச் சேர்க்க அந்தச் சின்ன ரயில் உதவியது. தோட்டத்து வாசலில் ஒரு மூதாட்டி பெட்டியில் பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். சாறு முழங்கை வரை வடிய நின்றபடியே தின்றோம்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் பக்கம் பக்கமாக ஓட்டத் தொடங்கினோம். காரில்லாத பாதையின் மிகப்பெரிய பயன் பாதுகாப்பு என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அது பேச்சு என்று அன்று தெரிந்துகொண்டேன். சாலையோரத்தில் ஒருவர் பின் ஒருவராக ஓடும்போது, பின்னால் வருவதைக் காது எப்போதும் கண்காணித்துக்கொண்டே இருக்கும்; பேசினாலும் கத்திப் பேசவேண்டும். இங்கே அக்கா அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி, இதுவரை என்னிடம் சொல்லாத பலவற்றைச் சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, “தம்பி, ஒரு வாகனச் சத்தமும் கேக்கேல்லை, கவனிச்சனியோ?” என்று கேட்டார்.

ஆனாலும் முழுக் கவனத்தையும் விட்டுவிட முடியாது. பாதை சிறு சாலைகளைக் குறுக்கே கடக்கும் இடங்கள் அடிக்கடி வரும். சில சிறு பகுதிகளில் அங்கே வீடுள்ளவர்களின் வண்டி வரக்கூடும். கடவைகளில் கார் நுழையாதபடி தடுப்புகள் நட்டிருக்கிறார்கள். பின்சக்கரத்தின் இருபுறமும் அகலமான பைகளைக் கட்டியிருந்த நான், முதல் நாளிலேயே அவற்றில் ஒன்றில் பையை இடித்துக்கொண்டு சரிந்தேன். பொதியின் அகலத்தைக் கைப்பிடியின் அகலத்துக்குள் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது தவறு ரயர். என்னுடையது 28 மில்லிமீட்டர். பாதையோ பெரும்பகுதி தாரில்லாத, நுண்சரளை போட்டு இறுக்கிய தளம். காய்ந்திருக்கும்போது நன்றாக ஓடும், ஆனால் வளைவில் உதிரிக்கல் சேர்ந்த இடங்களில் ஒடுங்கிய ரயர் வழுக்கும். லே ஒலியேருக்கு முன்பு ரியூப் வெடித்தது. 40 மில்லிமீட்டர் அளவான ரயர், சற்றுக் குறைந்த காற்றழுத்தம், இரண்டு மாற்று ரியூப்கள் என்பதே என் பரிந்துரை. ஆற்றோரத்துச் சிறு பள்ளத்தில் நீரெடுத்து, ரியூப்பை அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்தது அக்காதான்.

அன்று மாலை சேன் சொவேர் த மொந்தகூவில் தங்கினோம். க்ளுயேர் என்ற சிற்றாறு எரியோவில் வந்து சேரும் ஊர் அது. லா வூல்த்திலிருந்து அங்கே வரை 30 கிலோமீட்டருக்கும் குறைவு. பழகியவர்கள் இரண்டு மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்கு எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று. அதில் இரண்டு மணி நேரம் ஆற்றில் குளித்தோம். பாறைகளுக்கிடையே இடுப்பளவு தெளிந்த நீர் நிற்கும் மடுக்கள் வழியெங்கும் இருக்கின்றன. முதல் நாள் தூரத்தைக் குறைவாக வைத்தது இந்தப் பயணத்தில் நான் செய்த மிகச் சரியான காரியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மறுநாள் காலை அக்கா முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்து, தானாகவே சைக்கிளை வெளியே எடுத்து வைத்தார்.

மறுநாள் திங்கள். பிரெஞ்சுக் கிராமங்களில் பாண் கடைகள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்றக் கடைகளும் மதியம் இரண்டு, மூன்று மணி நேரம் பூட்டியிருக்கும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது; இருந்தும் ஞாயிறு காலையிலேயே வாங்கி வைக்கத் தவறிவிட்டேன். சேன் சொவேருக்கு மேலே பள்ளத்தாக்கு ஒடுங்குகிறது. ரயில் ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனதால், ஊர்கள் சில ஆற்றுக்குச் சில நூறு மீட்டர் உயரத்தில் மலைமேலேயே நின்றுவிட்டன; ஷலான்சோன் போன்ற பழைய ஊர் தலைக்கு மேலே இருந்தாலும், அங்கே போய்ப் பாண் வாங்கி வருவதென்றால் அதுவே ஒரு நாள் வேலை. ரயில் தடத்தின் மென்மையான ஏற்றத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது. கையிலிருந்த பிகோதோன் என்ற ஆட்டுப்பால் கட்டியும் நான்கு பீச் பழங்களும் அன்று மதிய உணவாயின. அதன் பிறகு ஒரு நாளுக்குரிய உணவு எப்போதும் பையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். தண்ணீரைப் பொறுத்தவரை, ஆளுக்கு இரண்டு லீட்டர் வேண்டும். ஊர்க் குழாய்களில் ‘நோன் பொதாப்ல்’ என்று எழுதியிருந்தால் அது குடிக்க உகந்ததல்ல. பிரான்சில் சைக்கிள் பயணிகள் அனைவரும் அறிந்த ஒன்று, கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும் என்பது. அங்கேயும் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துவிட்டே நிரப்பவேண்டும்.

பசியோடு போன அந்த நாளே, கண்ணுக்கும் மூக்குக்கும் மிக நிறைவான நாளாகவும் இருந்தது. சரிவெங்கும் செஸ்நட் மரங்கள் பூத்திருந்தன. வெளிர்மஞ்சள் நிறத்தில் நீண்ட பூச்சரங்கள் இலைகளை மறைத்துத் தொங்க, மாவும் தேனும் சேர்ந்து புளித்தது போன்ற கனத்த வாசம் பள்ளத்தாக்கை நிரப்பியிருந்தது. தானியம் விளையாத இந்தச் செங்குத்து நிலத்தில் பல நூற்றாண்டுகளாக மக்களுக்குச் சோறு போட்டது இந்த மரம்தான். ‘பாண் மரம்’ என்றே அதை அழைத்தார்கள். காயைப் புகையில் உலர்த்த மரநிழலில் கல்லால் கட்டிய சிறு வீடுகளை இப்போதும் பார்க்கலாம். ‘ஃபைஸ்’ என்று உள்ளூரில் சொல்லப்படும் படிக்கட்டு நிலங்கள், சாந்து வைக்காமல் அடுக்கிய கற்சுவர்களோடு உச்சிவரை ஏறுகின்றன. பல இடங்களில் காடு அவற்றை விழுங்கிவிட்டது. ஆர்தேஷின் செஸ்நட்டுக்கு 2006இல் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்புக் கிடைத்தது. அக்கா அந்தச் சுவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இதை எத்தனை பேர் எத்தனை தலைமுறையாக அடுக்கியிருப்பார்கள் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் விடையில்லை.

இந்த ஆறு எப்போதும் இப்படிச் சாதுவாக இருப்பதில்லை. இலையுதிர் காலத்தில் மத்தியதரைக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி ஒரே நாளில் பெருமழையாகக் கொட்டுவதுண்டு. 1857 செப்டம்பரில் வந்த எரியோவின் வெள்ளம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை போகிறவர்கள் வானிலை எச்சரிக்கையைக் கட்டாயம் பார்த்து, ஆற்றுப் படுகையில் கூடாரம் அடிப்பதைத் தவிர்க்கவேண்டும். ஜூலை, ஆகஸ்டில் கீழ்ப் பள்ளத்தாக்கின் வெயில் கடுமையானது. மே கடைசியிலிருந்து ஜூன் முழுவதும், பிறகு செப்டம்பரின் முதல் பாதி ஆகியவையே நல்ல காலம். ஜூனில் பிற்பகல் இடிமழை வரலாம் என்பதால் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு மூன்று மணிக்குள் ஊர் சேர்வதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

ல ஷேலாரில் தோர்ன் ஆறு எரியோவோடு சேர்கிறது. நெசவும் நகைத் தொழிலும் உள்ள சிறு நகரம். பல்பொருள் அங்காடியும் சைக்கிள் பழுது பார்க்கும் வசதியும் உண்டு. வாடகைக்கு எடுத்த அக்காவின் சைக்கிளில் மிக இலகுவான கியர் விழாமல் இருந்ததை அங்கேதான் சரிசெய்ய முடிந்தது. எடுத்த இடத்திலேயே எல்லாக் கியர்களையும் மாற்றிப் பார்த்திருக்கவேண்டும். நாங்கள் பிரேக்கையும் இருக்கையின் உயரத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். தங்குமிடம் தேடுவோர் ‘அக்கேய் வேலோ’ என்ற அடையாளம் உள்ளதைத் தேர்வது நல்லது: பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கே அது வழங்கப்படுகிறது, சைக்கிளைப் பூட்டி வைக்கும் இடமும் அடிப்படைக் கருவிகளும் அங்கே இருக்கும்.

மூன்றாம் நாள்தான் உண்மையான ஏற்றம். ல ஷேலாரிலிருந்து சேன்த் அக்ரேவ் வரை 25 கிலோமீட்டரளவு தூரத்தில் 600 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். சேன் மார்த்தான் த வலமாசைக் கடந்ததும் ரோஷ்போன் கோட்டையின் இடிபாடு பாறைமேல் தெரியும். அதற்குப் பிறகு காட்டுக்குள் பாதை வளைந்து வளைந்து போகிறது. ரயில் தடத்தின் ஏற்றம் ஒரே சீராக இருப்பதால், மிதிக்கும் வேகத்துக்கு ஏற்ற ஒரு கியரைக் கண்டுபிடித்துவிட்டால் அதை மணிக்கணக்கில் மாற்றவேண்டியதில்லை. கனமான கியரில் மெதுவாக அழுத்தினால் முழங்கால் நோகும். இலகுவான கியரில் விரைவாகச் சுழற்றினால் மூச்சு வாங்குமே தவிர மூட்டு தாங்கும். நான்கு கிலோமீட்டருக்கு ஒரு தடவை, களைப்பு வந்தாலும் வராவிட்டாலும், பத்து நிமிடம் நின்றோம். அக்கா ஓரிடத்திலும் சைக்கிளை உருட்டவில்லை.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1050 மீட்டர் உயரத்திலுள்ள சேன்த் அக்ரேவை அடைந்தபோது காற்றே மாறியிருந்தது. ஜூனிலும் கம்பளிச் சட்டை தேவைப்பட்டது. எரியோ பிறப்பது இந்த ஊரின் அருகில்தான். இங்கிருந்து கிழக்கே வடியும் நீர் ரோன் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. சற்று மேற்கே விழும் மழை லுவார் வழியாக அட்லாண்டிக்கைச் சேர்கிறது. பழைய தண்டவாளமும் இங்கே முடியாமல், மேட்டுநிலத்தில் ல ஷம்போன் சூர் லின்யோன் வழியாகத் தொடர்ந்து ஓடியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்த ஊராரும் சுற்றியுள்ள கிராமத்தாரும் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்களைத் தங்கள் வீடுகளில் மறைத்துக் காப்பாற்றினார்கள்; அதற்காக 1990இல் இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷெம் அந்த ஊரைக் கௌரவித்தது. அடைக்கலம் தேடி அந்த மேட்டுநிலத்துக்கு வந்தவர்கள் பலர் இந்தச் சின்ன ரயிலில்தான் வந்து இறங்கினார்கள் என்று நான் சொன்னபோது, அக்கா சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தடம் மேற்கே போகும் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பையோடு இன்னொரு நாட்டு ரயில் நிலையத்தில் வந்து இறங்குவது எப்படி என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

திரும்பும் வழியை இரண்டு நாட்களில் முடித்தோம். இறங்கும்போது இரண்டு பிரேக்குகளையும் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்காமல் விட்டு விட்டுப் பிடிக்கவேண்டும். சரளையில் முன்பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் வழுக்கும். பழைய சுரங்கங்களுக்குள் வெயிலிலிருந்து திடீரென்று நுழையும்போது சில நொடிகள் ஒன்றும் தெரியாது. வெயில் கண்ணாடியைக் கழற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு போவது நல்லது, எதிரில் சிறு பிள்ளைகள் வரக்கூடும். லமாஸ்த்ர் கிளைக்குப் போக இம்முறை நாள் போதவில்லை.

லா வூல்த்தில் வாடகைச் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும் முன், அக்கா ஒரு பழைய துணியை நனைத்து அதன் சட்டத்தையும் மட்காட்டையும் கம்பிகளையும் ஒன்றுவிடாமல் துடைத்தார். அப்படிச் செய்யத் தேவையில்லை, அவர்களே கழுவிக்கொள்வார்கள் என்று நான் சொன்னேன். “ஓடின வண்டியைத் தூசியோட விடக்கூடாது” என்றுவிட்டு, கடைசியாக மணியையும் துடைத்து, ஒருமுறை அடித்துப் பார்த்தார்.